மார்கழியில் பிடுங்கிய கல்

மச்சான்,

பொங்கலுக்காகச் சமுதாயக் கூடத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வாசலில் தகர டிரம்மை வைத்து, சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது புஸ்ஸென்று பொங்கிக் கொதித்தது. அந்தச் சூட்டு வாடை என் வீடு வரைக்கும் வந்தது. நான் அப்போது ராகிக் களியை உருட்டிக்கொண்டிருந்தேன். உருண்டை கையிலேயே நின்றுவிட்டது. அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. களி ஆறியதுதான் மிச்சம்.

"என்னா, வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? களி என்ன பண்ணுச்சு உங்கள?" என்றாள் என் வீட்டுக்காரி. உனக்குத் தங்கச்சி முறையாயிற்றே, உன் வாய் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்து, உப்பும் தெரியாமல் உறைப்பும் தெரியாமல் கிடக்குமே, அப்படித்தான் நீ போனதிலிருந்து எனக்கு இருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது. பசிக்கிறது, தின்கிறேன். யாராவது சிரிக்கும்படி ஏதாவது சொன்னால் நானும் சிரிக்கிறேன். உன்னைக் காட்டுக்குத் தூக்கிப்போன அன்றுகூட, பாடை ஒரு பக்கம் சாய்ந்ததும், "மெதுவாப்பா, அவனுக்கு ஜீப்புலதான் பழக்கம்" என்று சொல்லிவிட்டேன். தூக்கினவர்கள் சிரித்துவிட்டார்கள். என்னை என்னவென்று நினைத்தார்களோ. எனக்கே என்னை என்னவென்று நினைப்பது என்று தெரியவில்லை.

சரி, உனக்கு ஒரு மடல் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தபோதே என் எழுத்தைப் படித்தது கிடையாது. "உன் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்குது, நீயே படி" என்பாய். நம் தெருவில் எட்டாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மனு எழுதும் உத்தியோகம் எனக்கு வந்தது. என் படிப்பின் லட்சணம் உனக்குத் தெரியும். ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று ஆரம்பித்து, ‘தங்கள் கீழ்ப்படிந்த’ என்று முடித்துவிடுவேன். நடுவில் என்ன எழுதுவது என்பதில்தான் எப்போதும் திண்டாட்டம். அந்த நடுப்பகுதியை நீ சொல்லிக்கொண்டு வருவாய்.

பிளாக் ஆபீஸ் ஜீப் முதல் தடவை நம் ஊருக்கு வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். புளியமரத்தடியில் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் பாதி போட்டால் சர்க்கார் பாதி போடும், கிணறு வேண்டுமா, ரோடு வேண்டுமா என்று கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நீ எழுந்து கூடம் வேண்டும் என்றாய். ஆபீசர் சிரித்தார்.

"ஏம்ப்பா, குடிக்கத் தண்ணி வேணாம், கூடம் வேணுமா?"

"தண்ணி எங்கயாச்சும் போயி மொண்டுக்கறோம் சார். எதுன்னா நியாயம் பேசணும்னா பெரிய வூட்டுக் களத்துல நின்னுக்கிட்டே பேசிப் பேசி எங்க காலு வீங்கிப் போச்சு. உக்காந்து பேச எங்களுக்குன்னு ஒரு எடம் வேணும். மழ வந்தா கல்யாணப் பந்தல் காத்துல போவுது. அதுக்கும் ஒரு கூரை வேணும்."

நமக்கெல்லாம் கூலி அளக்கிற பெரிய வீட்டுக்காரர் அங்கேயேதான் இருந்தார். நான் உன் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். நீ வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டாயே தவிர உட்காரவில்லை.

அப்புறம் எத்தனை வாசல் ஏறினோம்! நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் மாம்பழம் கொடுத்து அனுப்பினார், வேறொன்றும் கொடுக்கவில்லை. கெலமங்கலம் சந்தையில் ஒரு தானிய மண்டிக்காரரிடம் நீ கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் கெஞ்சி, தமிழில் முடித்தாய். ஊர்ப் பங்கு முழுவதையும் தானே தருவதாகச் சொன்னார் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. தன் அப்பா பெயரை முகப்பில் கல்லில் வெட்டி வைக்க வேண்டும், சாவி தன் ஆளிடம் இருக்க வேண்டும் என்றார். நீ கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாய். வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"அவரு அப்பன் பேரு இருந்தா என்ன, நம்ம அப்பன் பேரு இருந்தா என்ன? மழ ஒழுவாம இருந்தா சரிதானடா!"

"பேரு இருந்துட்டுப் போவட்டும் மச்சான். சாவிய அவுங்க கையில குடுத்துட்டா, தொறக்கச் சொல்லி அங்க போயி நிக்கணும். நிக்கறதுக்குத்தான் நமக்குக் களம் இருக்குதே, கூடம் எதுக்கு?"

பேச்சில் தோற்றால் நான் வழக்கமாகச் செய்வது போல, காலில் முள் குத்திவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் நீதான் வழி கண்டுபிடித்தாய். ஊர்ப் பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று இல்லை, கல்லாகவும் கொடுக்கலாம், உடம்பு உழைப்பாகவும் கொடுக்கலாம் என்று ஓவர்சியர் பேச்சுவாக்கில் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். "நம்மகிட்ட மலையும் கையுந்தான இருக்குது, அதயே போடுவோம்" என்றாய். மனு எழுதினோம். அது மொழிவாரியாக ராஜ்யம் பிரிக்கிறார்கள், நம் தாலுகா எந்தப் பக்கம் சேரும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம். ஆபீஸ் குமாஸ்தாகூட எல்லை முடிவாகட்டும் என்று இழுத்தார். "எல்லை எந்தப் பக்கம் போனாலும் கூடம் எங்க ஊர்லதான் இருக்கப் போவுதுங்க" என்று சொல்லி மனுவை அவர் மேசை மேல் வைத்துவிட்டு வந்தாய்.

உத்தரவு வரும் வரும் என்று கார்த்திகையும் முடியப் போனது. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. தை பிறக்கும் வரை காத்திருந்தால் களத்து வேலை வந்துவிடும், அப்புறம் கல் தூக்க ஆள் கிடைக்காது. ஊரே ஒன்றாகப் பேசி, கார்த்திகை முடிவதற்குள் கடைக்கால் போட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஆபீசர் வந்து பார்த்தால் அசந்துபோவார், ஊர்க்காரர்களின் ஊக்கத்தைப் பார்த்துப் பணத்தை உடனே கொட்டுவார் என்பது நம் கணக்கு. மூலையில் குழி வெட்டி, நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்த கல்லை இறக்கினோம். பெண்கள் குலவை போட்டார்கள். நான் ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றினேன். நடுவில் என்ன சொல்வது என்று தெரியாமல் ‘தங்கள் கீழ்ப்படிந்த’ என்று முடித்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ குனிந்து நின்று சிரித்தாய். ஊர்க்காரர்கள் நீ சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்தார்கள்.

மார்கழி பிறந்த கொஞ்ச நாளில் ஜீப் வந்தது. ஆபீசர் கடைக்காலைப் பார்த்தார். அசந்துதான் போனார்.

"யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?"

மனு எழுதினவன் என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உத்தரவு வர்றதுக்கு முந்தி தொடங்கின வேலைக்குச் சர்க்கார் காசு தராதுய்யா. அது சட்டம். நான் இதைப் பாத்துட்டு எழுதினேன்னா உங்க மனு இன்னிக்கே செத்துப்போச்சு."

அந்தச் சட்டம் எல்லாம் இங்கிலீஷில் அச்சடித்து ஆபீஸில் இருந்ததாம். என் இங்கிலீஷ் பசு, பூனையோடு நின்றுபோனது. ஊர் முகத்தில் ஈயாடவில்லை. ஆபீசர் நல்ல மனுஷர். ஜீப்பில் ஏறப்போனவர் நின்று, உன்னை மட்டும் பார்த்துச் சொன்னார். "பொங்கல் கழிச்சு நிலத்தைப் பாக்க வருவேன். அப்ப இது காலி நிலமா இருந்தா, காலி நிலம்னு எழுதுவேன்."

ஜீப் போனதும் சத்தம் கிளம்பியது. பூஜை போட்டு இறக்கிய கல்லை எடுப்பதா? அதுவும் மார்கழியில் எடுப்பதா? வீட்டைப் பிடுங்குவதும் கடைக்காலைப் பிடுங்குவதும் ஒன்றுதான், கை வைக்கிறவன் குடும்பம் விளங்காது என்றார் பூசாரி. எல்லாரும் மெல்லக் கலைந்து அவரவர் வாசலில் போய் நின்றுகொண்டார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

"மச்சான், கடப்பாறைய எடுத்துட்டு வா."

எடுத்து வந்து கொடுத்தேன். எவ்வளவு தூரம் கை நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டித்தான் கொடுத்தேன். நீ அதையும் கவனித்துவிட்டாய். "கடப்பாறைதான்டா, பாம்பு இல்ல" என்றாய். பட்டப்பகலில், ஊரே வாசலில் நின்று பார்க்க, நீ ஒருவனே நெம்பினாய். கல் அசைந்து மேலே வந்தது. கீழே நவதானியம் முளை விட்டிருந்தது. சூரியனைப் பார்க்காத முளைகள், வெள்ளை வெளேரென்று நூல் நூலாக, கல்லின் அடியிலேயே திரும்பித் திரும்பி வழி தேடியிருந்தன. நீ குந்தி உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்.

"மொளச்சிருக்குது பாருங்கய்யா! சாமிக்குச் சம்மதந்தான். சர்க்காருக்குத்தான் இன்னும் வரல. வந்ததும் மறுபடி போட்டுக்கலாம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மிச்சக் கற்களையும் நீயே பெயர்த்துக் குழியை மூடினாய். மண்ணை மிதித்துச் சமன் செய்தபோதுதான் நான் வந்து சேர்ந்துகொண்டேன். மிதிப்பதற்குப் பெரிய தைரியம் வேண்டியதில்லை.

உத்தரவு வந்தது. சுவரும் எழும்பியது. இந்தத் தடவை ஊரே கல் சுமந்தது. கூரை ஏற்றுகிற சமயத்தில் உனக்குக் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், ஆபீசர் ஜீப்பிலேயே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். புரட்டாசியில் நீ போய்விட்டாய்.

நீ போன மறுநாளே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. கடைக்காலைப் பிடுங்கினவன் என்றார்கள். ஒரே ஒரு தடவை பூசாரி சொன்னது, தெருவில் ஒவ்வொரு வாயிலும் அவரவர் சொன்னதாக மாறியது. தையில் பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சித்திரையில், வைகாசியில் எத்தனை கல்யாணம் நடந்தது! எல்லாம் பழையபடி தெருப் பந்தலில். கூடத்து வாசலில் புளி காய்ந்தது. ஆடு படுத்தது. சாவி என் இடுப்பில் தொங்கியது. யாரும் கேட்காத சாவிக்கு எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. நான் ஒரே பேச்சாகச் சொன்னேன், கல்யாணம் கூடத்தில்தான் என்று. முதல் கல்யாணம் என் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். வராவிட்டால் அந்தக் கட்டடம் ஆட்டுக்கொட்டகைதான், நீ செத்தது அந்தக் கல்லால்தான் என்று ஆகிவிடும். சம்பந்தி வந்து பார்த்துத் தரையைத் தடவிப் பார்த்து, "அரண்மனை மாதிரி இருக்குதுங்க" என்றார். ஊரை விட்டுப் போகும் வழியில் டீக்கடையில் நின்றிருக்கிறார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஊட்டுப் பொம்பளைங்க பயப்படுவாங்க. அந்த மூலையில ஒரு பூசணிக்கா சுத்தி ஒடச்சு, பூசாரிய வெச்சு ஒரு கழிப்பு கழிச்சிட்டா மனசுக்கு ஆறுதலா இருக்கும். செலவு நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்! வேறு எதைக் கேட்டிருந்தாலும், என் மீசையை எடுக்கச் சொல்லியிருந்தாலும், சரிங்க என்றிருப்பேன். ஆனால் கழிப்புக் கழித்தால், அங்கே ஒரு பாவம் நடந்தது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தப் பாவம் உன் பெயரில் ஏறிவிடும். "முடியாதுங்க" என்றேன். சம்பந்திக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான். "யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

"பொறந்ததுல இருந்து ஒரு விசயத்துல நிமிந்து நின்னதில்ல. மொத மொத நிக்கறதுக்கு உங்களுக்குப் பொண்ணு கல்யாணந்தான் கெடச்சுதா?" என்றாள் என் வீட்டுக்காரி. மகள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகை அவ்வளவாக இல்லை. அவள் கண் மட்டும் சிவந்திருந்தது.

அதற்கடுத்து வந்த நாட்களில் ஊத்தங்கரையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு நாள் காலையில் வாசலில் உன் வீட்டுக்காரி நிற்கிறாள். நீ போனதிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் அவள் வந்து நின்றதில்லை. நானும் அவள் வீட்டுப் பக்கம் போனதில்லை. போய் என்ன சொல்வது? இடுப்பில் ஒரு பெரிய பூசணிக்காய். உன் கூரை மேல் காய்த்தது.

"அண்ணா, பூசணிக்கா வேணுமாமே."

"யாரும்மா சொன்னது? எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ஊரே சொல்லுது, நீங்க சொல்லலன்னா தெரியாதா? இந்தாங்க, புடிங்க. இடுப்பு வலிக்குது."

"அத ஒடச்சா அவன் தப்புப் பண்ணான்னு ஆயிடும் தங்கச்சி. நான் ஒடைக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள், மச்சான். உன் சாவுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"தப்புப் பண்ணவரு அன்னிக்கி ரெண்டு உருண்ட களி தின்னுட்டு, கொறட்ட விட்டுத் தூங்கினாரு. அவரு பயந்தாரா என்னான்னு எனக்குத் தெரியாதா? காமாலை கல்லுக்கு அடியில இருந்தா வந்துச்சு? அன்னிக்கி ஆபீசரு சட்டத்துக்குப் பயந்தாரு. காலி நெலம் வேணும்னாரு. இவரு காலி நெலம் குடுத்தாரு. அதுக்காவ ஆபீசரோட சண்ட போட்டாரா? இப்ப உங்க சம்பந்தி பயப்படறாரு. அவருக்கு ஒரு பூசணிக்கா வேணும். குடுத்துட்டுக் கல்யாணத்த நடத்துங்க. கூடம் வேணுமா, ரோசம் வேணுமா உங்களுக்கு?"

நான் பூசணிக்காயை வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், "காய் நல்லா முத்தியிருக்குது" என்றேன். எட்டாவது படித்தவன் பேசுகிற பேச்சு!

"கல்யாணத்துக்கு நீ முன்னாடி வந்து நிக்கணும்" என்றேன். "சபைக்கு என்னால ஒரு பேச்சு வேணாம்ணா, பின்னால சமையல்ல இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஊத்தங்கரைக்குச் சம்மதம் சொல்லியனுப்பினேன், ஆவணியில் கல்யாணம் நடந்தது. சம்பந்தி தன் கையாலேயே பூசணிக்காயை அந்த மூலையில் போட்டு உடைத்தார். உடைத்ததும் அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! முதல் ஆளாகப் போய் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அவர் ஆட்கள் உட்கார்ந்தார்கள், அவர்களைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். பூசாரிகூட ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் மழை கொட்டியது. கூரை ஒழுகவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். யாரும் உன் பெயரைச் சொல்லவில்லை, பழித்தும் சொல்லவில்லை, புகழ்ந்தும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும் என்று பட்டது. மகளை அனுப்பும்போதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. சம்பந்தி வீட்டார் என்னைத் தைரியசாலி என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி. மறுக்கவில்லை. அப்படி ஒரு பெயர் வாழ்க்கையில் அடிக்கடி கிடைக்காது.

இப்போது கூடம் சும்மா இருப்பதில்லை. ஒரு தேதிக்கு இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள். போன வாரம் கூலித் தகராறு ஒன்று வந்தது. பெரிய வீட்டுக்காரர் இங்கே வந்து, நம் ஆட்களுக்கு எதிரில் பாயில் உட்கார்ந்துதான் பேசினார். பேச்சு ஒன்றும் முடியவில்லை. ஆனால் யாருக்கும் கால் வீங்கவில்லை.

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், சர்க்கார் பணம் எப்படிக் கேட்பது, மனு எப்படி எழுதுவது என்று. நான் என்னமோ பெரிய வக்கீல் மாதிரி கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறேன். உங்களிடம் எது இருக்கிறதோ அதைப் பங்காகப் போடுங்கள் என்கிறேன். சாவியை யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன். உத்தரவு கைக்கு வரும் முன்னால் நல்ல நாள் என்று ஒரு கல்லைக்கூட இறக்கிவிடாதீர்கள் என்கிறேன்.

அவர்களில் யாராவது ஒருவர் மென்று விழுங்குவார். "இல்லீங்க, ஏற்கெனவே பூஜை போட்டு எறக்கிட்டோங்க" என்பார்.

"அப்ப எடுத்துடுங்க."

"எடுத்தா ஒண்ணும் ஆவாதுங்களா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் எடுத்தான். அந்தக் கூடத்துலதான் என் மக கல்யாணம் நடந்துச்சு" என்று மட்டும் சொல்கிறேன். அவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. அவன் இப்போது எங்கே என்று கேட்டுவிடுவார்களோ என்று கொஞ்ச நேரம் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் அவர்கள் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, கல்லை எடுக்கப் போகிறார்கள்.